நல்ல வார்த்தை சொல்லுங்கள், மாத்திரையையும் போடுங்கள்

பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் வீடு வீடாகப் போய் பிபி, சுகர் பார்ப்பது என் வேலை. இப்போதெல்லாம் போகிற வீட்டில் பாதிப் பேர் போனை நீட்டுகிறார்கள். "எனக்கு எந்த நோயும் இல்லை" என்று தினமும் கண்ணாடி முன் சொன்னால் போதுமாம், வாட்ஸ்அப்பில் வந்ததாம். சொல்வதை நான் தடுப்பதில்லை. ஆனால் அதற்கு ஒரு முறை இருக்கிறது, எல்லையும் இருக்கிறது.

முதலில் உங்கள் தொந்தரவு நீங்கள் உணர்கிற வகையா, உணராத வகையா என்று பாருங்கள். வலி, படபடப்பு, தூக்கமின்மை இவற்றில் மனதுக்கு நிஜமாகவே பங்கு உண்டு. பிபியும் சுகரும் பெரும்பாலும் சத்தமே போடாது. ஆஸ்துமாவை வைத்து 2011-ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு செய்தார்கள். மருந்து இல்லாத வெறும் இன்ஹேலரை இழுத்தவர்களும் மருந்து இழுத்தவர்களும் ஏறக்குறைய ஒரே அளவுக்கு "நல்லா இருக்கு" என்றார்கள். ஊதிப் பார்த்து அளந்தபோதுதான் வித்தியாசம் தெரிந்தது. மருந்தில் மூச்சின் அளவு 20 சதவீதம் கூடியிருந்தது, வெறும் இன்ஹேலரில் சுமார் 7. ஒன்றுமே கொடுக்காதபோதும் அதே 7தான்! தெம்பு வந்தது உண்மை, மூச்சுக்குழாய் திறக்கவில்லை என்பதும் உண்மை.

அப்புறம், எந்த வாக்கியத்தைச் சொல்வது? மனசு நம்பாததைச் சொன்னால் அது உடனே எதிர்த்துப் பேசும். கனடாவில் 2009-ல் வந்த ஆய்வு ஒன்றில், தங்களைப் பற்றித் தாழ்வாக நினைப்பவர்கள் "நான் அன்புக்குரியவள்" என்கிற மாதிரி திரும்பத் திரும்பச் சொன்னபோது மனநிலை இன்னும் இறங்கித்தான் போனது. அதனால் நம்புகிற மாதிரியும், கையால் செய்யக்கூடிய ஒரு காரியம் இருக்கிற மாதிரியும் சொல்லுங்கள். கடலில் முங்கிக் கடல்பாசி எடுக்கப் போகிற ஓர் அக்கா, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டே "முழங்கால் பூரணமா குணமாயிருச்சு" என்று முணுமுணுப்பார், எழும்போது "ஆத்தா" என்பார். அதை மாற்றச் சொன்னேன்: "வலி இருக்கு. இன்னைக்குச் சீக்கிரம் கரையேறி ஒத்தடம் கொடுப்பேன்." மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் "பணம் என்னைத் தேடி வருது" என்று சொல்வதைவிட, "நிவாரணப் பட்டியலில் பேர் இருக்கான்னு நாளைக்குப் போய்ப் பார்ப்பேன்" என்பது ராத்திரி தூக்கத்துக்கு நல்லது.

படபடப்புக்கு மூச்சு உதவும். கடலில் முங்குகிறவர்களுக்கு மூச்சைப் பற்றி நான் சொல்லித்தர என்ன இருக்கிறது என்று சிரிப்பார்கள். ஆனால் அங்கே அடக்குவது, இங்கே விடுவது. நாலு எண்ணும் வரை இழுங்கள், ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். வெளியே விடும்போது இதயத் துடிப்பு இயல்பாகவே கொஞ்சம் தணியும். ஐந்து நிமிடம் போதும். தலை சுற்றினால் விட்டுவிடுங்கள்.

இதைக் கரையில் மட்டும் செய்யுங்கள். முங்குவதற்கு முன்னால் வேகவேகமாக மூச்சு வாங்கவே வாங்காதீர்கள். உடம்பில் கரியமில வாயு குறைந்துவிட்டால் மூச்சு எடுக்க வேண்டும் என்ற தவிப்பே வராது, அதற்குள் தண்ணீருக்கடியில் நினைவு தப்பிவிடும். "இன்னும் தாங்குவேன்" என்று உள்ளுக்குள் சொல்லிக்கொள்ளவே கூடாத இடம் அது.

நெஞ்சு அழுத்தினாலோ, வாய் கோணினாலோ, கை கால் ஒரு பக்கம் மரத்தாலோ எந்த வாக்கியமும் வேண்டாம், 108-ஐக் கூப்பிடுங்கள். போட்டில் கடலுக்குப் போனவர் திரும்பாத கவலை, கடன், எதிலும் பிடிப்பு இல்லாமை என்று நாள்கணக்காக மனசு கிடந்து அல்லாடினால் 14416 இருக்கிறது. டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் அது, காசு கிடையாது, தமிழில் பேசலாம்.

பிபி பார்க்கும்போது ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள், முதுகு சாய்ந்திருக்கட்டும், பாதம் தரையில், கை நெஞ்சு உயரத்தில். பேசக் கூடாது. பேச்சே அளவை ஏற்றிவிடும், அது நல்ல வார்த்தையாக இருந்தாலும். "அளவு சரியாத்தானே இருக்கு, மாத்திரையை நிறுத்திரலாமா மதினி?" என்று கேட்கிறவர்களுக்கு: மாத்திரை போடுவதால்தான் சரியாக இருக்கிறது. குறைப்பதோ நிறுத்துவதோ டாக்டர் சொல்ல வேண்டியது.