காரை பொட்டலில் பழைய கடலைத் தேடுவது எப்படி?

திருச்சி–பெரம்பலூர் நெடுஞ்சாலையில் பாடாலூரில் கிழக்கே திரும்பினால் காரை. ஊரைத் தாண்டி குளக்காநத்தம் பக்கம் போகையில் புல்கூடச் சரியாக முளைக்காத, மழை அரித்து மேடும் பள்ளமுமாகக் கிடக்கும் ஒரு பொட்டல் வரும். அண்டார்டிகாவை விட்டு இந்தியா பிரிந்த பிறகு உள்ளே புகுந்த கடலின் அடிச்சேறு அது, வயது சுமார் பத்து கோடி ஆண்டு.

மழைக்காலம் முடிந்த கையோடு, வெயில் ஏறுவதற்குள் போய்விடுங்கள், அங்கே ஒதுங்க ஒரு மரம் கிடையாது. தண்ணீர், தொப்பி, நல்ல செருப்பு போதும். சுத்தியல் வேண்டாம், தோண்டுகிற வேலையை மழையே செய்து வைத்திருக்கும். மேட்டில் ஏறி நின்று பார்ப்பதைவிட ஓடைப் பள்ளத்தில் குனிந்து மெதுவாக நடங்கள், பழைய கடல் உயிரிகள் கல்லாகிப்போன கனமான புதைபடிவத் துண்டுகள் அங்கேதான் வந்து தங்கும்.

முதலில் கண்ணில் படுவது பளபளக்கும் ஜிப்சம். நகத்தால் கீறினால் கோடு விழும், ஏடு ஏடாகப் பிரியும். அதை ஒதுக்கிவிட்டுத் தேடினால் துப்பாக்கித் தோட்டா மாதிரி, தேன் நிறத்தில் ஒரு துண்டு கிடைக்கும். நகம் அதில் ஏறாது, உடைந்த முனையைப் பார்த்தால் நடுவிலிருந்து நாலாபுறமும் மெல்லிய கோடுகள் ஓடும். அதுதான் பெலெம்னைட், கணவாய்க்கு உறவான ஓர் உயிரியின் உள்ளோடு. சுருண்ட அம்மோனைட் (கணவாய்க்கு உறவான, அற்றுப்போன இன்னொரு கடல் உயிரியின் ஓடு) துண்டு கிடைத்தால் அதன் மேல் நெளிநெளியாக ஓடும் கோட்டைப் பாருங்கள், ஓட்டுக்குள் அறைகளைப் பிரித்த சுவர் வெளியோட்டைத் தொட்ட இடம் அது. இந்தச் சேற்றில் சுறாப் பல், இக்தியோசர் என்ற பழங்காலக் கடல் ஊர்வனவின் பல்கூடக் கிடைத்திருக்கிறது.

உருண்டைக் கல்லைப் பார்த்ததும் டைனோசர் முட்டை என்று வாட்ஸப்பில் போட்டுவிடாதீர்கள், தயவுசெய்து. 2020-ல் இதே பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தில் அப்படித்தான் செய்தி பரவியது, கடைசியில் அவை கடற்படிவு உருண்டைகள்.

பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுங்கள், எடுத்த இடத்தைக் குறித்துக்கொண்டு கல்லை அங்கேயே விடுங்கள். எந்த அடுக்கில் கிடந்தது என்று தெரியாத அம்மோனைட் ஆராய்ச்சிக்குப் பாதிப் பயன்கூடத் தராது. பைபையாக அள்ளிப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது.

அப்புறம் இதே மாவட்டத்துச் சாத்தனூர் போங்கள். கரையிலிருந்து அடித்து வரப்பட்டுக் கடலடியில் புதைந்து கல்லான 18 மீட்டர் நீள மரம் அங்கே கிடக்கிறது, 1940-ல் புவியியலாளர் எம்.எஸ். கிருஷ்ணன் வெளியுலகுக்குச் சொன்னது. நேரம் மிச்சமிருந்தால் அரியலூர் பக்கம் வாரணவாசி புதைபடிவ அருங்காட்சியகத்தையும் பார்த்துவிட்டுத் திரும்பலாம்.