சைக்கிள் ஓட்டியதைக் காலடிக் கணக்கில் சேர்ப்பது எப்படி?

யார் அதிகக் காலடி வைக்கிறார்கள் என்று பார்க்கும் நடைப் போட்டி ஒன்றில் சேர்ந்திருக்கிறீர்கள், ஆனால் உங்கள் முக்கியமான உடற்பயிற்சி சைக்கிள். ஒரு மணி நேரம் மூச்சு வாங்க மிதித்துவிட்டு வந்து பார்த்தால், வாட்ச் சில நூறு காலடிகளைத்தான் காட்டுகிறது. அந்த உழைப்பைக் காலடியாக மாற்றுவது எப்படி என்று இந்தப் பதிவில் பார்க்கலாம். பெருக்கவும் வகுக்கவும் தெரிந்தால் போதும்.

'சைக்கிள் ஒரு நிமிடம் என்றால் இத்தனை காலடி' என்று ஒரே எண்ணைத் தரும் அட்டவணைகள் இணையத்தில் நிறைய உண்டு. ஒன்று சொல்வது இன்னொன்றோடு ஒத்துப்போகாது. எந்த வேகத்தில் ஓட்டிய சைக்கிளை எந்த வேகத்தில் நடந்த நடையோடு ஒப்பிட்டார்கள் என்பது அட்டவணைக்கு அட்டவணை மாறுவதுதான் காரணம். அதனால் உங்கள் நடையை நீங்களே அளந்து, உங்களுக்கென்று ஓர் எண் வைத்துக்கொள்வதுதான் நல்லது என்று நினைக்கிறேன். அதற்குச் சில நிமிட நடை போதும்.

முதலில், வாட்ச் ஏன் ஏமாற்றுகிறது?

போனிலும் வாட்சிலும் அசைவை உணரும் சென்சார் இருக்கிறது. நடக்கும்போது கை வீசுவதையும் ஒவ்வொரு அடியிலும் உடல் குலுங்குவதையும் வைத்து அது காலடியை எண்ணுகிறது. சைக்கிளில் கை ஹேண்டில்பாரைப் பிடித்தபடி அசையாமல் இருக்கும். கால் எவ்வளவு சுற்றினாலும் மணிக்கட்டில் இருக்கும் வாட்சுக்கு அது தெரியாது. போன் பேன்ட் பாக்கெட்டில் இருந்தால் கதை வேறு. தொடை ஏறி இறங்குவதையும் சாலையின் மேடுபள்ளத்தையும் அது சில சமயம் காலடி என்று எண்ணிவிடும்.

ஆகவே சைக்கிளில் ஏறும் முன் காலடி எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இறங்கியதும் மறுபடி குறியுங்கள். இடைப்பட்ட வித்தியாசத்தை அன்றைய மொத்தத்திலிருந்து கழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே சவாரி இரண்டு முறை கணக்கில் ஏறிவிடும். பலரும் விட்டுவிடும் வேலை இதுதான்.

படி 1: ஓடிய நேரத்தை எடுங்கள்

கிளம்பியதிலிருந்து திரும்பியது வரை உள்ள நேரம் வேண்டாம். சிக்னலில் நின்றது, தண்ணீர் குடிக்க நிறுத்தியது எல்லாம் போக, சக்கரம் சுழன்ற நேரம் மட்டும் வேண்டும். சைக்கிள் செயலிகள் பெரும்பாலும் இதைத் தனியாகவே காட்டும். கூடவே தூரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 2: உழைப்பின் அளவைக் கண்டுபிடியுங்கள்

இதற்கு 'மெட்' என்ற அளவு இருக்கிறது. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்திதான் 1 மெட். 8 மெட் வேலை என்றால் அதைப்போல எட்டு மடங்கு செலவு. எந்தச் செயலுக்கு எத்தனை மெட் என்பதை ஆய்வாளர்கள் தொகுத்து 1993இல் ஒரு பட்டியலாக வெளியிட்டார்கள். அதன் பிறகு சில முறை புதுப்பித்திருக்கிறார்கள். 2011 பதிப்பில் சைக்கிளுக்கு உள்ள எண்கள், கி.மீ. கணக்கில் ஏறக்குறைய இப்படி வரும்:

- மணிக்கு 9 கி.மீ.: 3.5
- மணிக்கு 15 கி.மீ.: 5.8
- 16 முதல் 19 வரை: 6.8
- 19 முதல் 22 வரை: 8
- 22 முதல் 25 வரை: 10
- 25 முதல் 30 வரை: 12

ஜிம்மில் நிலையாக நிற்கும் சைக்கிள் என்றால் வேகத்தைப் பார்க்காதீர்கள், திரையில் வாட் எவ்வளவு என்று பாருங்கள். 30 முதல் 50 வாட் வரை 3.5, 51 முதல் 89 வரை 4.8, 90 முதல் 100 வரை 6.8, 101 முதல் 160 வரை 8.8, 161 முதல் 200 வரை 11.

வேகத்தை வைத்துப் போடும் கணக்கு ஓரளவு சமதளமான சாலைக்குத்தான் பொருந்தும். மேடு ஏறும்போது மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் போனாலும் நெஞ்சு படபடக்கும், எதிர்க்காற்றிலும் அப்படித்தான். மோட்டார் உதவியோடு ஓடும் மின்சார சைக்கிளில் இது தலைகீழ்: வேகம் இருக்கும், உழைப்பு குறைவாக இருக்கும். இந்த இடங்களில் வேகமானியைவிட உங்கள் பேச்சை நம்பலாம். பேசவும் முடிகிறது, பாடவும் முடிகிறது என்றால் 3.5 போடுங்கள். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் 5.5. நாலைந்து சொல்லுக்கு மேல் பேச முடியவில்லை என்றால் 8. பேச்சே வரவில்லை என்றால் 10. பேச்சை வைத்து உழைப்பை மிதமானது, கடுமையானது என்று பிரிப்பது உடற்பயிற்சித் துறையில் நெடுநாள் வழக்கம். அதற்கு நேராக இங்கே உள்ள எண்கள் கணக்கின் வசதிக்காக நான் வைத்தவை.

படி 3: உங்கள் நடையை அளவெடுங்கள்

எல்லாம் தங்கியிருப்பது இந்தப் படியில்தான். வழக்கமாக நடக்கும் வேகத்தில் நடங்கள். அளக்கிறோம் என்று வேகத்தைக் கூட்ட வேண்டாம். ஒரு நிமிடத்துக்கு எத்தனை காலடி என்று எண்ணுங்கள். இரண்டு மூன்று தடவை எண்ணி நடுவாக ஓர் எண்ணை எடுத்துக்கொள்ளலாம்.

பெரியவர்களை நடக்கவைத்துச் செய்த ஆய்வுகளில் ஒரு நல்ல ஒழுங்கு தெரிந்தது. நிமிடத்துக்கு 100 காலடி சுமார் 3 மெட், 110 என்றால் 4, 120 என்றால் 5, 130 என்றால் 6. காலின் நீளத்தைப் பொறுத்து ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். உயரமானவர் குறைந்த காலடியிலேயே அதே உழைப்பை எட்டிவிடுவார். ஆனாலும் தொடங்குவதற்கு இது போதும். உங்கள் எண் 105 என்றால் 3.5 என்று இடையில் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 4: இனி கணக்கு

சைக்கிள் நிமிடத்தை சைக்கிள் மெட்டால் பெருக்குங்கள். வருவதை உங்கள் நடையின் மெட்டால் வகுங்கள். கிடைப்பது, அதே உழைப்புக்கு நீங்கள் நடக்க வேண்டிய நிமிடங்கள். அதை நிமிடக் காலடியால் பெருக்கினால் விடை.

ஓர் எடுத்துக்காட்டு. 42 நிமிடத்தில் 14 கி.மீ. ஓட்டியிருக்கிறீர்கள். வேகம் மணிக்கு 20 கி.மீ., அதாவது 8 மெட். 42 × 8 = 336. உங்கள் நடை நிமிடத்துக்கு 110 காலடி, அதாவது 4 மெட். 336 ÷ 4 = 84 நிமிட நடை. 84 × 110 = 9,240 காலடி.

இப்போது இதே சவாரியை மெதுவாக நடக்கும் ஒருவர் கணக்கிடட்டும். அவர் நடை 100 காலடி, 3 மெட். 336 ÷ 3 = 112 நிமிடம்; 11,200 காலடி. விரைந்து நடக்கும் 120 காலடிக்காரருக்கு 336 ÷ 5 = 67.2 நிமிடம், 8,064 காலடிதான். ஒரே சாலை, ஒரே வேகம், மூன்று விடை. மூன்றும் சரியானவைதான். மெதுவாக நடப்பவர் அதே சக்தியைச் செலவழிக்க அதிக நேரம், அதிக காலடி நடக்க வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அட்டவணைகள் ஒத்துப்போகாததன் ரகசியம் இங்கே இருக்கிறது.

இன்னொரு காரணமும் உண்டு. சும்மா உட்கார்ந்திருந்தாலும் 1 மெட் செலவாகும் இல்லையா? சிலர் அதை இரண்டு பக்கமும் கழித்துவிட்டு, கூடுதல் உழைப்பை மட்டும் ஒப்பிடுவார்கள். நம் எடுத்துக்காட்டில் 8க்குப் பதில் 7, 4க்குப் பதில் 3. அப்போது 42 × 7 = 294; 294 ÷ 3 = 98 நிமிடம்; 10,780 காலடி. இந்த முறைக்கும் நியாயம் இருக்கிறது. ஆனாலும் புதிதாகத் தொடங்குபவர்கள் கழிக்காமல் போடும் கணக்கையே பிடித்துக்கொள்ளுங்கள். சைக்கிள் மெட் நடை மெட்டைவிட அதிகமாக இருக்கும்வரை அது சைக்கிளுக்குக் குறைவாகத்தான் தரும். போட்டியில் யாரும் உங்கள் எண்ணைச் சந்தேகிக்க மாட்டார்கள். எந்த முறையானாலும் பாதியில் மாற்றாதீர்கள். மாற்றினால் போன வாரத்தையும் இந்த வாரத்தையும் ஒப்பிட முடியாது.

விடை சரிதானா என்று பார்க்க

மேலே உள்ள வேகப் பட்டியலை வைத்து, ஒவ்வொரு வரியின் நடு வேகத்திலும் 10 கி.மீ. ஓட்டினால் என்ன வரும் என்று போட்டுப் பாருங்கள். மெதுவாக ஓட்டினால் நிமிடத்துக்கு உழைப்பு குறைவு, ஆனால் நேரம் அதிகம். வேகமாக ஓட்டினால் நேரெதிர். இரண்டும் பெரும்பாலும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடுகின்றன. 110 காலடி நடைக்கு ஒரு கி.மீ. சைக்கிள் சுமார் 630 முதல் 730 காலடிக்குள்தான் நிற்கிறது. நமது 14 கி.மீ. சவாரி ஒரு கி.மீ.க்கு 660 தந்தது, எனவே கணக்கு சரி. உங்களுக்கு ஒரு கி.மீ.க்கு 1,500 என்று வந்தால் எங்கோ பெருக்கல் தவறியிருக்கிறது, அல்லது நின்ற நேரத்தையும் சேர்த்திருக்கிறீர்கள்.

மணிக்கு 22 கி.மீ. வேகத்தைத் தாண்டினால் இந்த எண் ஏறத் தொடங்கும். காற்றைக் கிழித்துப் போகத் தேவையான சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கமாகக் கூடுவதே காரணம்: வேகம் இரட்டிப்பானால் அந்தப் பங்கு எட்டு மடங்காகும்.

கலோரி மட்டும் தெரிந்தால்

சில ஜிம் சைக்கிள்கள் கலோரியை மட்டும் காட்டும். அதை 60ஆல் பெருக்கி உங்கள் எடையால் வகுங்கள். 70 கிலோ எடையுள்ளவர் 300 கலோரி செலவழித்தால் 300 × 60 ÷ 70 = 257. முன்பு வந்த 336 இருந்த இடத்தில் இதை வைத்து மீதியைத் தொடருங்கள். சைக்கிளில் பெடலுக்குப் போகும் சக்தியை அளக்கும் பவர் மீட்டர் இருந்தால் அது காட்டும் கிலோஜூல் எண்ணையே ஏறக்குறைய கலோரியாக எடுத்துக்கொள்ளலாம். உடல் செலவழிக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்கு அல்லது அதற்கும் சற்றுக் குறைவுதான் பெடலுக்குப் போய்ச் சேர்கிறது. ஒரு கலோரி என்பதோ 4.184 கிலோஜூல். இரண்டும் சேர்ந்து எண்கள் அருகருகே வந்துவிடுகின்றன.

எங்கே இந்தக் கணக்கு தேவையில்லை

உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதல் பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உழைப்பை, அல்லது 75 முதல் 150 நிமிடக் கடுமையான உழைப்பைப் பரிந்துரைக்கிறது. அங்கே காலடி என்ற பேச்சே இல்லை. உங்கள் நோக்கம் ஆரோக்கியம் மட்டும்தான் என்றால் சைக்கிள் நிமிடங்களை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். 6 மெட்டும் அதற்கு மேலும் கடுமையானது. 3க்கும் 6க்கும் இடைப்பட்டது மிதமானது.

சைக்கிளில் பத்தாயிரம் வந்துவிட்டது, இனி நடக்கவே வேண்டாம் என்று மட்டும் முடிவெடுக்காதீர்கள். நடக்கும்போது எலும்புகள் உடல் எடையைத் தாங்குகின்றன. எலும்பு வலுவாக இருக்க அந்தச் சுமை வேண்டும். சைக்கிளில் எடையைச் சீட் தாங்கிவிடுகிறது. நாம் மாற்றியது சக்திக் கணக்கை மட்டும். சைக்கிள் ஓட்டும் நாளிலும் கொஞ்சமாவது நடங்கள்.

பதிவு செய்வது

மாற்றி எடுத்த காலடிகளைப் போனில் இருக்கும் ஆரோக்கியச் செயலியில் கையால் சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். நிஜமாக நடந்ததும் மாற்றி எடுத்ததும் கலந்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. ஒரு விரிதாளில் தேதி, ஓடிய நிமிடம், மெட், மாற்றிய காலடி, நடந்த காலடி என்று ஐந்து பத்திகள் வைத்துக்கொள்ளுங்கள். போட்டிக்கு அனுப்பும்போது கடைசி இரண்டையும் கூட்டி அனுப்பலாம். குழுவில் சைக்கிள் ஓட்டுபவர்கள் பலர் இருந்தால் அவரவர் நடையை வைத்துக் கணக்கிடுவது பொருந்தாது, மெதுவாக நடப்பவருக்கு எண் ஏறிவிடும். எல்லோருக்கும் 110 காலடி, 4 மெட் என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.