ஸ்கூல் சாப்பாட்டு பொறுப்புக்கு புதுசா வர்றவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்கூல்ல பிள்ளைங்க சாப்பாட்டு பொறுப்பை புதுசா எடுத்திருக்கறவங்க போடற மெனு, கணக்கு எல்லாத்தையும் கொஞ்ச நாளா பக்கத்துல உக்காந்து பாத்துட்டு இருக்கேன். காய் அலசணும், பாத்திரத்தை மூடி வைக்கணும், நகம் வெட்டணும், இதெல்லாம் யாருக்கும் சொல்லித்தர தேவையில்ல, அதை விட்டுடறேன். ஆனா நாங்கல்லாம் ஆரம்பத்துல பண்ண அதே கோளாறை அச்சு பிசகாம இவங்களும் பண்றாங்க, அதுலயும் ஒண்ணு இருக்கே, அதை பாத்தா இன்னிக்கும் சுர்ருன்னு ஏறுது. அதையே முதல்ல சொல்லிடறேன்.

வேகாத எடையை வெந்த எடைன்னு நினைக்கறது

அளவுப் பட்டியல்ல ஒரு பிள்ளைக்கு அரிசி 100 கிராம், பருப்பு 20 கிராம்னு போட்டிருந்தா அது அடுப்புல ஏத்தறதுக்கு முன்னாடி உள்ள எடை. புதுசா வர்றவங்க என்ன பண்றாங்கன்னா, தராசை கொண்டாந்து வெந்த சோத்தை 100 கிராம் நிறுத்து தட்டுல போட்டு, கரெக்டா இருக்குன்னு டிக் அடிச்சிட்டு போயிடறாங்க. 100 கிராம் அரிசி வெந்தா ரகத்தையும் தண்ணியையும் பொறுத்து 250லேருந்து 300 கிராம் சோறு வரும். அப்ப அந்த பிள்ளைக்கு போனது வெறும் 35, 40 கிராம் அரிசி. அரிசி 100 கிராமுக்கு 350 கலோரி கிட்ட இருக்கும், சோறு 100 கிராமுக்கு 130தான். ரெஜிஸ்டர்ல முழு சாப்பாடு, தட்டுல மூணுல ஒரு பங்கு சொச்சம். இதுல கொடுமை என்னன்னா மாசக் கடைசில ஸ்டோர்ல மூட்டை மிஞ்சும், "பாருங்க சார், எவ்வளவு சிக்கனமா நடத்தறோம்"னு பெருமையா காட்டுவாங்க. அந்த மூட்டை பிள்ளைங்க வயித்துல இருக்க வேண்டியது.

பருப்புல இதே கதை வேற மாதிரி நடக்கும். ஒருத்தர் என்கிட்ட ரொம்ப சீரியஸா வாதாடினார், சத்து கணக்கு காட்டற ஆப்ல பருப்பு 100 கிராமுக்கு 22 கிராம் புரோட்டீன்னு போட்டிருக்கு, நாங்க ஆளுக்கு 100 கிராம் வெந்த பருப்பு ஊத்தறோம், அப்ப 22 கிராம் போயிடுச்சு, முட்டையே தேவையில்லன்னு. ஆப்ல இருந்தது காஞ்ச பருப்போட கணக்கு. வெந்த பருப்பு கெட்டியா இருந்தாலே 100 கிராமுக்கு ஏழு, எட்டு கிராம் புரோட்டீன் தேறினா பெருசு, அவர் ஊத்தினது தெளிவா அடி தெரியற தண்ணி. ஆளுக்கு 20 கிராம் காஞ்ச பருப்பு போட்டா கிடைக்கறது நாலரை கிராம் புரோட்டீன் அவ்வளவுதான், மேல எத்தனை குடம் தண்ணி ஊத்தினாலும் அது கூடாது. ஒரு முட்டைல ஆறு கிராம் இருக்கு, அதைத்தான் தேவையில்லன்னு நிறுத்தப் பாத்தார்.

சரி, பாத்திரத்துக்குள்ள கணக்கு சரியாவே போயிருக்குன்னு வைங்க, கரண்டில வந்து கெட்டுப்போகும். ஒரு கிச்சன்ல நின்னு பாத்தேன், சின்னப் பிள்ளைங்க பசி தாங்காதுன்னு ஒண்ணாங்கிளாஸை முதல்ல வரிசைல விடறாங்க, நல்ல மனசுதான். ஆனா பருப்பு இறக்கி வச்சு ரொம்ப நேரம் ஆச்சு, கெட்டியெல்லாம் அடில போயி உக்காந்திருக்கு, பரிமாறற அக்கா மேலாக்க கரண்டிய விட்டு மோந்து ஊத்தறாங்க. குட்டிங்க தட்டுல மஞ்சத் தண்ணி சோத்தை சுத்தி ஓடுது, கடைசில வந்த பெரிய பசங்களுக்கு கரண்டிலேருந்து தட்டி விட்டாத்தான் விழும்ங்கற கெட்டில பருப்பு. ரெண்டு பக்கமும் ஒரே மெனு, ஒரே கரண்டி, ரெஜிஸ்டர்ல ஒரே நம்பர். ஒவ்வொரு கரண்டிக்கும் அடியோட கிளறி எடுங்கன்னு சொன்னதுக்கு அவங்க "இத யாரும் சொல்லவே இல்லையேப்பா"ன்னாங்க. அவங்க மேல தப்பே இல்ல, மெனு போட்டவர் ஒரு நாள் கூட பரிமாறற இடத்துல வந்து நின்னதில்ல.

இதை சரி பண்ண பெரிய படிப்பெல்லாம் வேணாம். காலி அண்டாவை நிறுத்து அந்த எடையை அதோட வெளிப்பக்கத்துலயே பெயின்ட்ல எழுதி வைங்க. வேகாம எவ்வளவு போட்டீங்கன்னு குறிச்சுக்கோங்க, வெந்ததும் மறுபடி நிறுத்து அண்டா எடையை கழிங்க, மிச்சத்தை தலைக்கு வகுத்தா ஒரு பிள்ளைக்கு எவ்வளவு வெந்த சோறுன்னு வந்துடும். அந்த அளவுக்கு எந்த கரண்டில எத்தனைன்னு ஒரு தடவை நிறுத்து பாத்து, அந்த கரண்டியை அதுக்குன்னே ஒதுக்கிடுங்க, கைக்கு கிடைச்ச கரண்டில போடற வேலையே கூடாது. அண்டாவை தூக்கி நிறுக்கற அளவுக்கு தராசு இல்லையா, மொத்தம் எத்தனை கரண்டி வருதுன்னு ஒரு நாள் எண்ணிடுங்க, போதும். அரிசி லோடு மாறும்போது திரும்ப பாக்கணும், பழைய அரிசி புது அரிசிய விட அதிகமா தண்ணி இழுத்து உப்பும். சின்ன கிளாஸுக்கும் பெரிய கிளாஸுக்கும் அளவு வேற வேற, அதனால ஒரே கரண்டி எல்லாருக்கும் ஓடாது.

இரும்புச்சத்துக்கு மெனு போட்டுட்டு கூடவே டீ குடுக்கறது

கீரை, பயறு எல்லாம் பாத்து பாத்து சேப்பாங்க, சாப்பிட்ட கையோட டீயும் ஊத்துவாங்க. செடில இருந்து வர்ற இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கறதே கம்மி, டீ காபில இருக்கற துவர்ப்பு அதையும் கட்டிப் போட்டுடும். ஒரு மணி நேரமாவது தள்ளி குடுங்க. அதுக்கு பதிலா எலுமிச்சை, கொய்யா, ஆரஞ்சுன்னு வைட்டமின் சி இருக்கற ஏதாவது ஒண்ணு சாப்பாட்டோடவே போச்சுன்னா அதே கீரைலேருந்து கூடுதலா இரும்பு சேரும்.

விடியக்காலைல ஆக்கி மத்தியானம் போடறது

சோத்துல பேசில்லஸ் சீரியஸ்னு ஒரு கிருமி இருக்கு, அதோட விதை மாதிரி வடிவம் கொதிச்சாலும் சாகாது. சோறு வெதுவெதுப்பா கிடந்தா முளைச்சு பெருகும், அது கக்கற விஷத்துல ஒண்ணு திரும்ப சூடு பண்ணாலும் அழியாது. "சுட வச்சுட்டோமே"ங்கற பேச்சு இங்க செல்லாது. 60 டிகிரிக்கு மேலயே சூட்டை நிறுத்தி வைங்க, இல்ல ஆக்கின கையோட போட்டு முடிங்க. மிஞ்சினது நாளைக்கு கிடையாது.

காலி டின்னை திரும்ப பயன்படுத்தறது

2013 ஜூலைல பீகார் சரண் மாவட்டத்துல மதிய உணவு சாப்பிட்டு 23 பிள்ளைங்க செத்துப்போனாங்க, சமையல் எண்ணெய்ல மோனோகுரோட்டோபாஸ் பூச்சிமருந்து கலந்திருந்துச்சு, பூச்சிமருந்து இருந்த டின்லயே எண்ணெயை வச்சிருந்ததா அப்ப சொன்னாங்க. பூச்சிமருந்து, பினாயில், ஆசிட் எதுவும் ஸ்டோர் ரூம் வாசப்படியை தாண்டி உள்ள வரக்கூடாது, லேபிள் இல்லாத எதையும் திறக்கக்கூடாது. வாடை வித்தியாசமா இருக்குன்னு சமைக்கறவங்க சொன்னா அந்த நிமிஷமே அடுப்பை அணைக்கணும், விசாரணை அப்புறம்.

ருசி பாக்காம பரிமாறறது

பெரியவங்க ஒருத்தர் அரை மணி நேரம் முன்னாடி சாப்பிட்டுப் பாக்கணும். தினமும்.

இலவசம் வாங்கறவங்களுக்கு தனி வரிசை

வேணாம்.

வரிசை நேரத்தையும் சாப்பாட்டு நேரத்துல சேக்கறது

அரை மணி நேரம் விட்டிருக்கோம்ம்பாங்க, அதுல முக்கால்வாசி நிக்கறதுலயே போயிடும். உக்காந்த அப்புறம் 20 நிமிஷமாவது இருக்கணும், இல்லன்னா பிள்ளைங்க பிடிச்சதை மட்டும் முழுங்கிட்டு காயை விட்டுட்டு ஓடும். விளையாட்டு இடைவேளை சாப்பாட்டுக்கு அப்புறம் இருந்தா இன்னும் மோசம், மனசெல்லாம் கிரவுண்டுல இருக்கும். முடிஞ்சா முன்னாடி மாத்துங்க.

அயோடின் உப்பை ஆரம்பத்துலயே கொட்டி கொதிக்க விடறது

கொதிக்க கொதிக்க அயோடின் குறையும், இறக்கற நேரத்துல போடுங்க. உப்பு டப்பாவை மூடுங்க.

குப்பை பக்கெட்டை பாக்காம மெனு மாத்தறது

பிள்ளைங்களுக்கு காயே பிடிக்கலன்னு காயையே தூக்கிடறாங்க. ஒரு வாரம் கிளாஸ் வாரியா மிச்சத்தை தனித்தனியா போடச் சொல்லி நிறுத்து பாருங்க, எது திரும்பி வருது, யார்கிட்டேருந்து வருதுன்னு தெரிஞ்சிடும். ஒரு இடத்துல கேரட் அப்படியே திரும்பி வந்துச்சு, அதுவும் ஒண்ணு ரெண்டாங்கிளாஸ்லேருந்து மட்டும். அந்த வயசுல பாதி பிள்ளைக்கு முன்பல்லு விழுந்திருக்கும், இவங்க பச்சை கேரட்டை விரல் நீளத்துக்கு வெட்டிக் குடுத்திருக்காங்க. துருவிப் போட்டதும் பக்கெட்ல கேரட் கம்மியாயிடுச்சு, மெனுல ஒரு எழுத்து கூட மாத்தல.