முதல் பாஸ்போர்ட்டிலிருந்து முதல் வெளிநாட்டுப் பயணம் வரை: தொடக்கநிலையினருக்கான செய்முறை விளக்கம்

முதன்முறையாக வெளிநாடு செல்ல நினைப்பவர்களில் பலர் விமானச் சீட்டின் விலையைத் தேடுவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். சரியான வரிசை அதுவன்று. முதலில் பாஸ்போர்ட், அடுத்து விசா, அதன் பின்னரே பணம் திரும்பக் கிடைக்காத செலவுகள். ஒவ்வொரு ஆவணமும் தனக்கு முந்தைய ஆவணத்திலிருந்து பெயரையும் பிறந்த தேதியையும் எடுத்துக்கொள்வதால், தொடக்கத்தில் நுழைந்துவிடும் ஓர் எழுத்துப்பிழை விமான நிலையம் வரை கூடவே வரும். விண்ணப்ப முறையும் கட்டணமும் நாட்டுக்கு நாடு வேறுபடுவதால், எங்கும் பொருந்தக்கூடிய செய்திகளை மட்டும் இங்கே தருகிறேன்.

படி 1: சான்றிதழ்களை ஒத்துப் பாருங்கள்

விண்ணப்பப் படிவத்தைத் திறப்பதற்கு முன், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கல்விச் சான்றிதழ் ஆகியவற்றை அருகருகே வைத்து, பெயரை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒரு சான்றிதழில் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தாலும், பிறந்த தேதி ஒரு நாள் மாறியிருந்தாலும், அதை முதலில் உரிய அலுவலகத்தில் திருத்திக்கொண்டு பிறகு விண்ணப்பிப்பதே நல்லது. பாஸ்போர்ட் வந்த பிறகு அதில் பெயரைத் திருத்துவது, அதற்கு முன் சான்றிதழைத் திருத்துவதைவிடக் கடினமான வேலை.

குடும்பப் பெயர், இயற்பெயர் என்று இரண்டு கட்டங்கள் படிவத்தில் இருக்கும். குடும்பப் பெயர் வழக்கமே இல்லாதவர்கள் இங்கே தடுமாறுகிறார்கள். ஒரு கட்டத்தை வெறுமையாக விட உங்கள் நாட்டின் விதி இடம் கொடுக்கலாம். ஆயினும் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ள பாஸ்போர்ட்டைக் கொண்டு விசாவும் விமானச் சீட்டும் எடுக்கும்போது தனி விதிகள் குறுக்கிடும். ஆகவே, சான்றிதழ்கள் இடம் தருமானால் இரு கட்டங்களையும் நிரப்புவதையே நான் பரிந்துரைப்பேன். தலைப்பெழுத்துகளைப் பெரும்பாலும் விரித்தே எழுதச் சொல்வார்கள்.

படி 2: விண்ணப்பம்

அரசின் அதிகாரப்பூர்வ இணையதளம் வழியாகவோ அலுவலகத்திலோ மட்டும் விண்ணப்பியுங்கள். அதே தோற்றத்தில் இருந்துகொண்டு கூடுதல் பணம் பறிக்கும் போலித் தளங்கள் தேடல் முடிவுகளில் முன்னால் வந்து நிற்பதுண்டு. முகவரிப் பட்டையை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். புகைப்படம் பல நாடுகளில் 35 மி.மீ. அகலமும் 45 மி.மீ. உயரமும் கொண்டதாக இருக்க வேண்டும். வெற்றுப் பின்னணி, திறந்த கண்கள், மூடிய வாய், சிரிப்பில்லாத முகம் ஆகியவை ஏறத்தாழ எங்கும் பொதுவான நிபந்தனைகள். நேரில் அழைக்கும் நாளில் நகல்களோடு அசல்களையும் கொண்டு செல்லுங்கள்.

படி 3: கைக்கு வந்த பாஸ்போர்ட்டைப் படியுங்கள்

இதைத் தயவுசெய்து தவிர்க்காதீர்கள். உறையைப் பிரித்ததும் படம் உள்ள பக்கத்தின் அடியில் இரண்டு வரிகள் தெரியும். ஒவ்வொன்றிலும் 44 இடங்கள். இயந்திரம் படிப்பதற்கான இந்த அமைப்பை, மாண்ட்ரியலைத் தலைமையிடமாகக் கொண்ட பன்னாட்டுச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்திருக்கிறது. அதனால் எந்த நாட்டின் பாஸ்போர்ட்டையும் எந்த நாட்டின் கருவியும் படிக்கிறது. முதல் வரியில் நாட்டின் குறியீட்டை அடுத்துக் குடும்பப் பெயரும், இரண்டு கோண அடையாளங்களுக்குப் (<<) பின் இயற்பெயரும் வரும். இரண்டாம் வரியில் பாஸ்போர்ட் எண், நாட்டினம், பிறந்த தேதி, காலாவதித் தேதி ஆகியவை இருக்கும்.

பிறந்த தேதி ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் ஆறு இலக்கங்களாக இருக்கும். 1998 மார்ச் 7 அன்று பிறந்தவருக்கு அது 980307. அதை அடுத்து நிற்கும் 5 என்பது சரிபார்ப்பு இலக்கம்: ஆறு இலக்கங்களையும் முறையே 7, 3, 1, 7, 3, 1 ஆகியவற்றால் பெருக்கிக் கூட்டினால் 115 வரும், அதன் கடைசி இலக்கமே அந்த 5. கருவி தவறாகப் படித்தால் இந்தக் கணக்கு பெரும்பாலும் பொருந்தாமல் போய்விடும். நீங்கள் இந்தக் கணக்கைப் போட வேண்டியதில்லை. மேலே அச்சான விவரங்களும் கீழ் வரிகளும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று பார்த்து, தவறு கண்டால் உடனே அலுவலகத்திற்குத் தெரிவித்தால் போதும்.

கையொப்பத்திற்கு இடம் விடப்பட்டிருந்தால் கையொப்பமிடுங்கள். படப் பக்கத்தின் நகலைப் பாஸ்போர்ட்டிலிருந்து பிரித்து வேறு பையில் வையுங்கள். பாஸ்போர்ட் தொலைந்துபோனால், உங்கள் நாட்டுத் தூதரகத்தில் அவசரப் பயண ஆவணம் பெற அந்த நகல் பெரிதும் உதவும்.

படி 4: செல்லுபடியும் விசாவும்

காலாவதித் தேதி வரை பாஸ்போர்ட் பயன்படும் என்று எண்ணிவிட வேண்டாம். நுழையும் நாளிலிருந்து ஆறு மாதங்களாவது செல்லுபடி இருக்க வேண்டும் என்று பல நாடுகள் கேட்கின்றன. ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளில் (ஒரே பொது விசாவை ஏற்கும் நாடுகளின் கூட்டமைப்பு), அங்கிருந்து வெளியேறும் நாளுக்குப் பிறகு மூன்று மாதங்கள் செல்லுபடி இருப்பதுடன், அந்தப் பாஸ்போர்ட் கடந்த 10 ஆண்டுகளுக்குள் வழங்கப்பட்டதாகவும் இருக்க வேண்டும்.

விசா தேவையில்லை, இறங்கியதும் கிடைக்கும், இணையத்தில் முன்கூட்டியே எடுக்க வேண்டும், தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும் என நால்வகை ஏற்பாடுகள் உண்டு. இதில் உங்களுக்கு எது பொருந்தும் என்பது செல்லும் நாட்டை மட்டுமன்றி, உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது என்பதையும் பொறுத்தது. ஆகவே, சென்று வந்த வேற்று நாட்டவர் சொன்னதை நம்பிவிடாமல், அந்த நாட்டுத் தூதரகத் தளத்தில் பாருங்கள். ஷெங்கன் விசாவுக்குப் பயணத்திற்கு ஆறு மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம்; குறைந்தது 30,000 யூரோ அளவிலான மருத்துவக் காப்பீடும் வேண்டும். விசா அதிகாரி தெரிந்துகொள்ள விரும்புபவை பெரும்பாலும் இரண்டு: செலவுக்கு உங்களிடம் வழி உண்டா, முடிந்ததும் திரும்பிவிடுவீர்களா. விண்ணப்பிப்பதற்குச் சில நாள் முன்பு கடன் வாங்கிக் கணக்கில் போடும் பெருந்தொகை சந்தேகத்தையே கிளப்பும். உண்மையான வருமானத்தை உண்மையாகக் காட்டுங்கள். ஒருமுறை மறுக்கப்பட்டிருந்தால், அடுத்த விண்ணப்பத்தில் கேட்கும்போது அதை மறைக்கவே கூடாது.

படி 5: விமானச் சீட்டு

பாஸ்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் பார்த்தே பெயரைத் தட்டச்சு செய்யுங்கள். நள்ளிரவு விமானத்தில் தனிக் கவனம் வேண்டும்: 15ஆம் தேதி 00:30 மணி என்று இருந்தால், 14ஆம் தேதி இரவே விமான நிலையத்தில் இருக்க வேண்டும். இடையில் விமானம் மாறும் ஊரில் பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க வேண்டுமா, வேறு விமான நிலையத்திற்குப் போக வேண்டுமா என்றும் பாருங்கள். அப்படியானால் அந்த நாட்டுக்கும் விசா தேவைப்படலாம்.

படி 6: பெட்டி

மருந்துகளை அவற்றின் சொந்த உறையிலேயே, மருத்துவரின் சீட்டுடன் கைப்பையில் வையுங்கள். ஓரிடத்தில் சாதாரணமாகக் கிடைக்கும் வலி மருந்துகள் சில, வேறு நாடுகளில் கட்டுப்படுத்தப்பட்டவை. பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே செல்ல வேண்டும். 100 வாட்-மணி (மின்கலத்தின் ஆற்றலை அளக்கும் அலகு) வரை பொதுவாக அனுமதி உண்டு. 3.7 வோல்ட்டில் 20,000 மில்லியாம்ப்-மணி என்று குறித்திருப்பது 74 வாட்-மணிதான். கைப்பையில் கொண்டு செல்லும் திரவங்கள் பல விமான நிலையங்களில் 100 மில்லிலிட்டருக்கு மேற்படாத புட்டிகளில் இருக்க வேண்டும்.

படி 7: புறப்படும் நாள்

மூன்று மணி நேரம் முன்னதாகச் செல்லுங்கள். செக்-இன் முகப்பில் பாஸ்போர்ட்டோடு விசாவையும் கேட்பார்கள். தகுந்த ஆவணமில்லாத பயணியை ஏற்றிச் சென்றால் விமான நிறுவனமே அபராதம் கட்டித் திருப்பி அழைத்துவர நேரும் என்பதால், அங்கே நடப்பது கறாரான சோதனை. அதன்பின் இமிகிரேஷன் (குடிவரவுச் சோதனை), பாதுகாப்புச் சோதனை, விமானத்தில் ஏறுவதற்கான நுழைவாயில். நுழைவாயில் மூடும் நேரம் புறப்படும் நேரத்திற்கு முந்தியது. போர்டிங் பாஸில் அதைத் தேடிப் பாருங்கள்.

படி 8: இறங்கியதும்

இமிகிரேஷன் அதிகாரி எதற்காக வந்தீர்கள், எங்கே தங்குகிறீர்கள், எத்தனை நாள் என்று கேட்பார். கேட்டதற்கு மட்டும் சுருக்கமாக, விசா விண்ணப்பத்தில் சொன்னதற்கு மாறாமல் பதில் சொல்லுங்கள். தங்குமிடத்தின் முகவரியையும் திரும்பும் சீட்டையும் தாளில் அச்சிட்டுக் கையில் வைத்திருங்கள். கைபேசி இணைப்பு அங்கே கிடைக்கும் என்று நம்ப வேண்டாம். மொழி புரியாவிட்டால் மறுபடி சொல்லும்படி கேட்பதில் தவறேதும் இல்லை.

பாஸ்போர்ட்டைத் திரும்ப வாங்கியதும், முகப்பை விட்டு நகர்வதற்கு முன், எந்தத் தேதி வரை தங்கலாம் என்று முத்திரையில் குறித்திருக்கிறார்கள் என்பதைப் பாருங்கள். விசாவின் காலாவதித் தேதி வேறு, தங்க அனுமதித்த கடைசித் தேதி வேறு. விசா ஓராண்டு செல்லுபடியாக இருந்தும் ஒவ்வொரு வருகையிலும் 30 நாள் மட்டுமே தங்க அனுமதி இருக்கலாம். முத்திரை இடாத நாடுகளில் இந்தத் தேதி மின்னஞ்சலிலோ இணையதளத்திலோ கிடைக்கும். அதன் பிறகு பெட்டியை எடுத்துக்கொண்டு சுங்கத்திற்குச் செல்லுங்கள். அறிவிக்க வேண்டிய பொருளோ வரம்பை மீறிய ரொக்கமோ இருந்தால் சிவப்பு வழி, இல்லையென்றால் பச்சை வழி. ஐயம் இருந்தால் சிவப்பு வழியிலேயே சென்று அதிகாரியிடம் கேட்டுவிடுங்கள்.