கறுப்பின எழுச்சி பற்றி எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பிப்ரவரி அமெரிக்காவில் கறுப்பின வரலாற்று மாதம். அதையொட்டிப் புதியவர்கள் எழுதும் கட்டுரைகளை ஆண்டுதோறும் திருத்தித் தருகிறேன். பெயர்ப் பிழை, ஆண்டுப் பிழை எல்லாம் எழுத எழுதச் சரியாகிவிடும். மற்றவை அப்படியல்ல.

க்வான்சாவைக் கறுப்பர்களின் கிறிஸ்துமஸ் என்பது

க்வான்சா ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் பண்பாட்டு விழா. டிசம்பர் 26இல்தான் அது தொடங்குகிறது. இரண்டையும் கொண்டாடும் குடும்பங்கள் ஏராளம்.

எல்லோரையும் ஒரே பந்தியில் உட்காரவைப்பது

இன்றும் எனக்குக் கோபமூட்டும் தவறு இது. ஒரு சிற்றிதழ் தன் சிறப்பிதழில் கறுப்பினப் புரட்சிக் கட்சியான கரும்பாந்தர் (பிளாக் பாந்தர்) கட்சியின் பஞ்சி கார்ட்டர் படத்தைப் போட்டு, கீழே க்வான்சாவின் ஏழு கொள்கைகளை அச்சிட்டு, இவற்றுக்காகவே அவர் உயிர்நீத்தார் என்று எழுதியிருந்தது. உண்மையில் அவரைச் சுட்டது, க்வான்சாவை உருவாக்கிய மௌலானா கரேங்காவின் ‘அஸ்’ அமைப்பைச் சேர்ந்தவர்கள். இதழ் அச்சாகிவிட்டது, மறுபடி அச்சிடப் பணமில்லை. ஒவ்வொரு பிரதியிலும் அந்தத் தாளை வெட்டியெடுத்த பிறகே அனுப்பினார்கள்.

1965இல் லாஸ் ஏஞ்சலிஸில் கறுப்பர்கள் வாழ்ந்த வாட்ஸ் பகுதி கொந்தளித்தது. பண்பாட்டை மீட்காமல் விடுதலை இல்லை என்றார் கரேங்கா. ஸ்வாஹிலிப் பெயர்கள், ஆப்பிரிக்க உடை, 1966இல் முதல் க்வான்சா என்று அவர் வழி போயிற்று. அதே ஆண்டு ஓக்லாண்டில் ஹியூயி நியூட்டனும் பாபி சீலும் தொடங்கிய கரும்பாந்தர் கட்சிக்கோ வேலை, வீடு, போலீஸ் அடக்குமுறை ஆகியவையே முதல் கேள்விகள். வெள்ளை இடதுசாரிகளோடும் அது கூட்டுச் சேர்ந்தது. உடையை மாற்றினால் அதிகாரம் கைமாறிவிடாது என்பது அவர்கள் வாதம்.

இந்தப் பிளவை எப்படிப் பயன்படுத்துவது என்று 1968 நவம்பரிலேயே எஃப்.பி.ஐ. தன் அலுவலகங்களுக்கு உத்தரவிட்டது. 1969 ஜனவரி 17 அன்று கலிஃபோர்னியா பல்கலைக்கழக லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில், கறுப்பின ஆய்வு மையத்துக்கு யார் தலைமை ஏற்பது என்ற தகராறில் கார்ட்டரும் அதே கட்சியின் ஜான் ஹக்கின்ஸும் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகும் ஒரு தரப்பை மற்றது இழிவுபடுத்துவதுபோன்ற கேலிச்சித்திரங்களை எஃப்.பி.ஐ. தயாரித்துப் பரப்பியது. 1976இல் செனட் விசாரணைக் குழு இதை வெளிக்கொணர்ந்தது. இரு தரப்பையும் ஒன்றாக்கி எழுதுபவர் இந்த அரசுக் குற்றத்தையும் சேர்த்தே மறைக்கிறார்.

க்வான்சாவே எஃப்.பி.ஐ.யின் சூழ்ச்சி என்று எழுதுபவர்களும் உண்டு. அதற்கு ஆதாரம் கிடையாது.

பாந்தர் என்றால் துப்பாக்கிப் படம் மட்டும்

1969 ஜனவரியில் ஓக்லாண்டின் ஒரு தேவாலயத்தில் அவர்கள் தொடங்கிய இலவசக் காலை உணவையும் எழுதுங்கள்.

தலைவரின் குற்றத்தை விழுங்குவது

தன் அமைப்பிலிருந்த இரு பெண்களைத் துன்புறுத்திய வழக்கில் 1971இல் கரேங்கா தண்டிக்கப்பட்டார். விழாவை மதிப்பவர்களும் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

ஒற்றுமையைத் தவறான இடத்தில் தேடுவது

ஒற்றுமையைக் காட்ட விரும்பினால் 1972 மார்ச்சில் இண்டியானாவின் கேரி நகரில் கூடிய தேசியக் கறுப்பின அரசியல் மாநாட்டுக்குப் போங்கள். கரேங்காவின் வழியில் வந்த அமீரி பராக்கா அதை முன்னின்று நடத்தினார். பாபி சீலும் வந்திருந்தார். அங்கேயும் சச்சரவுகள் இருந்தன, மிச்சிகன் பிரதிநிதிகளில் பலர் வெளிநடப்புச் செய்தார்கள். அதையும் எழுதுங்கள்.