பழைய பிக்கப் வண்டியின் ஹெட்லைட்டைக் குறைந்த செலவில் மேம்படுத்துவது எப்படி?

பத்துப் பதினைந்து ஆண்டுகள் ஓடிய பிக்கப் வண்டியின் ஹெட்லைட் மங்கிவிட்டால், பெரும்பாலான உரிமையாளர்கள் நேராக ஸ்பேர்ஸ் கடைக்குச் சென்று அதிக வாட் பல்பையோ எல்இடி பல்பையோ கேட்கிறார்கள். அந்த வண்டி புதிதாக இருந்தபோது இதே விளக்கும் இதே 55 வாட் பல்பும் இரவுப் பயணத்திற்குப் போதுமானவையாகத்தான் இருந்தன. அப்போது இருந்த வெளிச்சம் எங்கே போயிற்று என்று தேடுவதுதான் முதல் வேலை. கண்ணாடியிலும், பிரதிபலிப்பானிலும், வயரிங்கிலும் இழந்த வெளிச்சத்தைச் சில நூறு ரூபாயில் மீட்க முடியும்போது, அந்தக் குறைகளின் மேல் பல ஆயிரம் ரூபாய் விளக்கைப் பொருத்துவது வீண் செலவு. ஒட்டன்சத்திரத்திலிருந்து நள்ளிரவில் காய்கறி ஏற்றிக்கொண்டு கேரளத்திற்குப் போகும் பொலேரோ பிக்கப்போ, டாடா 207-ஓ, எந்த வண்டியானாலும் இந்த வரிசை மாறாது.

கண்ணாடியும் பிரதிபலிப்பானும்

ஜீப் முகம் கொண்ட பழைய மகிந்திரா வண்டிகளில் இருப்பது 7 அங்குல வட்ட விளக்கு. அதன் முகப்பு உண்மையான கண்ணாடி என்பதால் மஞ்சளிக்காது. பின்னர் வந்த வண்டிகளில் முகப்பு பாலிகார்பனேட் பிளாஸ்டிக்கால் ஆனது. அதன்மேல் உள்ள புற ஊதாத் தடுப்புப் பூச்சு வெயிலில் தேய்ந்தவுடன் பிளாஸ்டிக் மஞ்சளித்துப் புகைபடிந்ததுபோல் ஆகிவிடும். பற்பசையால் தேய்த்தால் பளிச்சென்று தெரிவது உண்மைதான் என்றாலும், பூச்சே இல்லாத பிளாஸ்டிக் சில மாதங்களில் மீண்டும் மஞ்சளித்துவிடும். 800 அல்லது 1000 எண் நீர் உப்புத்தாளில் தொடங்கி, 1500, 2000, 3000 என்று படிப்படியாக, தண்ணீர் விட்டபடியே தேய்த்து, பாலிஷ் செய்து, கடைசியில் புற ஊதாத் தடுப்புள்ள தெளிவான பூச்சு ஒன்றை அடித்தால்தான் அந்த உழைப்பு நிலைக்கும். இரண்டு பாகங்களைக் கலந்து அடிக்கும் பூச்சுகளின் ஆவி நுரையீரலுக்குத் தீங்கானது. ஆகவே அதைப் பெயின்ட் கடைக்காரரிடமே விட்டுவிடுவது நல்லது.

முகப்பு தெளிவாக இருந்தும் வெளிச்சம் இல்லையென்றால், பல்பைக் கழற்றிவிட்டு உள்ளே டார்ச் அடித்துப் பாருங்கள். பிரதிபலிப்பானின் வெள்ளிப் பளபளப்பு சாம்பல் நிறமாகியோ, உரிந்தோ, துருப்பொட்டு விழுந்தோ இருந்தால் அதற்குப் பழுதுபார்ப்பு கிடையாது. துணியால் துடைத்தால் மிச்சமிருப்பதும் போய்விடும். சிலர் அதை எடுத்துச்சென்று குரோம் பூச்சு ஏற்றித் தருகிறோம் என்பார்கள். கண்ணுக்கு அழகாகத் தெரிந்தாலும், ஆலையில் ஏற்றப்படும் அலுமினியப் பூச்சைவிடக் குரோம் வெகு குறைவாகவே ஒளியைத் திருப்பி அனுப்பும். இந்த நிலையில் முழு விளக்கையும் மாற்றுவதே சரியான செலவு. பழைய பிக்கப்களுக்கு அந்த விளக்குகள் இன்னும் எளிதாகக் கிடைக்கின்றன. ஒரு நல்ல எல்இடி பல்பு ஜோடியின் விலைக்கு அருகிலேயே இவற்றின் விலையும் பெரும்பாலும் இருக்கும்.

வெளிநாட்டு விளக்கை இணையத்தில் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம். நம் விளக்கின் டிம் ஒளி இடப்பக்கச் சாலையோரத்தை நோக்கி மேலேறிக் காட்ட வேண்டும். அமெரிக்காவுக்கோ ஐரோப்பாவின் பெரும்பகுதிக்கோ செய்த விளக்கு வலப்பக்கம் மேலேறி, எதிரே வருபவரின் கண்ணில் நேராக அடிக்கும். ஐரோப்பிய முத்திரையுள்ள விளக்கில், அதன் முன்னே நின்று பார்ப்பவருக்கு வலப்பக்கம் காட்டும் ஓர் அம்புக்குறி கண்ணாடியில் பொறிக்கப்பட்டிருந்தால் அது இடப்பக்கப் போக்குவரத்துக்கானது. இருமுனை அம்பு இருந்தால் இரண்டுக்கும் பொருந்தும். அம்பே இல்லையென்றால் அது நமக்கானது அன்று.

வயரிங்கில் வழியும் வெளிச்சம்

ஹாலஜன் பல்பின் ஒளி, அதற்குக் கிடைக்கும் வோல்ட்டைவிட மிக வேகமாகக் குறையும். பல்பின் முனையில் 13.2 வோல்ட் கிடைக்க வேண்டிய இடத்தில் ஒரு வோல்ட் குறைந்தால் வெளிச்சத்தில் ஏறத்தாழ கால் பங்கு போய்விடும். இரண்டு வோல்ட் குறைந்தால் 40 விழுக்காட்டுக்கும் மேல் போய்விடும். பழைய வண்டிகளில் ஹெட்லைட் மின்சாரம் முழுவதும் பேட்டரியிலிருந்து டேஷ்போர்டுக்குள் போய், ஸ்டியரிங் அருகிலுள்ள டிப்பர் சுவிட்ச் வழியாகச் சுற்றி, மெல்லிய வயரில் முன்பக்கம் திரும்பி வருகிறது. வழியில் உள்ள ஒவ்வொரு கனெக்டரிலும், தேய்ந்த சுவிட்ச் முனையிலும், துருப்பிடித்த எர்த் போல்ட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக வோல்ட் இழக்கப்படுகிறது. ஒரு ஜோடி டிம் மட்டும் எரியும்போதே 9 ஆம்பியருக்கு மேல் ஓடுகிறது. பழைய சுவிட்சுகள் சூடாகி உருகுவதற்கு இதுவே காரணம்.

இதை ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். இன்ஜினை ஐடிலைவிடச் சற்று உயர்த்தி ஓடவிட்டு, டிம் போட்டு, முதலில் பேட்டரியின் இரு முனைகளில் அளந்துகொள்ளுங்கள். டைனமோ நல்ல நிலையில் இருந்தால் 13.8-க்கும் 14.4-க்கும் இடையில் காட்டும். அதற்குக் கீழே இருந்தால் முதலில் டைனமோவையும் பெல்ட்டையும் பாருங்கள். பிறகு, பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே, ஹோல்டரின் பின்புறத்தில் மீட்டர் முனைகளை நுழைத்து டிம் முனைக்கும் எர்த் முனைக்கும் இடையே அளக்க வேண்டும். ஹோல்டரைக் கழற்றி வைத்துவிட்டு அளந்தால் மின்னோட்டம் இல்லாததால் முழு வோல்ட்டும் காட்டும். அந்த எண்ணை நம்பித்தான் பலர் ‘வயரிங் நன்றாகத்தான் இருக்கிறது’ என்று முடிவு கட்டுகிறார்கள். இரண்டு அளவுகளுக்கும் வேறுபாடு அரை வோல்ட்டுக்கு மேல் இருந்தால் சரிசெய்வது பயன் தரும். இழப்பு எந்தப் பக்கம் என்று அறிய, பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து பல்பின் டிம் முனை வரை ஒருமுறையும், பல்பின் எர்த் முனையிலிருந்து பேட்டரி நெகட்டிவ் வரை ஒருமுறையும் அளந்தால் போதும். எர்த் பக்கம்தான் குற்றவாளி என்றால், போல்ட்டைக் கழற்றி, துருவைச் சுரண்டி, புதிய வயர் ஒன்றைப் போடுவதோடு வேலை முடிந்துவிடும். அதற்கு ஒரு தேநீர்ச் செலவுகூட ஆகாது.

பாசிட்டிவ் பக்கம் இழப்பு என்றால் ரிலே, அதாவது சிறு மின்னோட்டத்தால் இயங்கிப் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் சுவிட்ச், போட வேண்டும். டிம்முக்கு ஒன்றும் பிரைட்டுக்கு ஒன்றுமாக இரண்டு ரிலேக்கள். பேட்டரி பாசிட்டிவிலிருந்து, பேட்டரிக்கு மிக அருகிலேயே வைக்கப்பட்ட 20 ஆம்பியர் ஃபியூஸ் வழியாக, 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் ஒன்று ரிலேயின் 30 என்று குறித்த முனைக்கு வர வேண்டும். 87 என்ற முனையிலிருந்து அதே தடிமன் வயர் பல்புக்குப் போக வேண்டும். முன்பு பல்புக்குப் போய்க்கொண்டிருந்த பழைய வயர் இனி 86-க்கு வந்து ரிலேயை இயக்கும் வேலையை மட்டும் செய்யும். 85 எர்த்துக்குப் போகும். ஹோல்டரும் ஃபியூஸும் சேர்த்துக் கட்டிய ரிலே கிட்டாகவும் கடைகளில் கிடைக்கிறது. அதை வாங்கினால் வயரின் தடிமனை நேரில் பார்த்து வாங்குங்கள். மேலுறை தடித்திருந்தும் உள்ளே செம்பு இழைகள் மெலிந்திருக்கும் கிட்கள் உண்டு. சில வண்டிகளில் சுவிட்ச் பாசிட்டிவைத் துண்டிக்காமல் எர்த்தைத் துண்டிக்கும்படி அமைந்திருக்கும். அந்த அமைப்பில் மேலே சொன்ன இணைப்பு வேலை செய்யாது என்பதால், வேலையைத் தொடங்குமுன் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் அதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எந்த பல்பு?

பெரும்பாலான பிக்கப்களில் இருப்பது எச்4 என்னும், டிம்மும் பிரைட்டும் ஒரே குடுவையில் உள்ள, 60/55 வாட் பல்பு. மிகப் பழைய வட்ட விளக்குகளில் பி45டி என்ற வேறு அடித்தட்டுள்ள பல்பு இருக்கலாம். அது எச்4-இன் பி43டி அடித்தட்டோடு பொருந்தாது. பழைய பல்பைக் கையோடு கொண்டுபோய் வாங்குவதே பாதுகாப்பு. லாரிக்கான 24 வோல்ட் பல்பும் பார்வைக்கு அச்சு அசலாக இதேபோல் இருக்கும். 12 வோல்ட் பிக்கப்பில் போட்டால் அது மெழுகுவர்த்திபோல்தான் எரியும்.

வோல்ட் சரியாகக் கிடைக்கும் வண்டியில் பெயருள்ள நிறுவனத்தின் புதிய சாதாரண ஹாலஜன் ஜோடியே பலருக்குப் போதும். அட்டையில் ‘50 விழுக்காடு’, ‘130 விழுக்காடு’ கூடுதல் என்று போட்டு வரும் பல்புகள் உண்மையிலேயே சாலையில் சற்றுக் கூடுதல் தொலைவு காட்டுகின்றன. ஆனால் அவற்றின் இழை அதிக வெப்பத்தில் எரிவதால் ஆயுள் குறையும். தினமும் இரவில் குண்டும் குழியுமான சாலையில் ஓடும் சரக்கு வண்டிக்கு நான் 30 விழுக்காட்டு வகைக்கு மேல் பரிந்துரைக்க மாட்டேன். நீலப் பூச்சுள்ள ‘சூப்பர் ஒயிட்’ பல்பு வேண்டவே வேண்டாம். அந்த நீலம் ஒளியின் ஒரு பகுதியை வடிகட்டித்தான் வெண்மையைத் தருகிறது. 100/90 வாட் பல்பு ஹோல்டரை உருக்கும், பிளாஸ்டிக் விளக்கின் பிரதிபலிப்பானைக் கருக்கும், எதிரே வருபவரைக் குருடாக்கும். எந்த ஹாலஜன் பல்பானாலும் குடுவையை விரலால் தொடாமல், இரண்டையும் ஒரே நேரத்தில் மாற்றுங்கள்.

எல்இடி பற்றி இனி. ஓர் எச்4 ஹாலஜன் பல்பின் வரையறுக்கப்பட்ட ஒளி டிம்மில் 1000 லூமென், பிரைட்டில் 1650 லூமென். இதை மனத்தில் வைத்துக்கொண்டு, ‘20,000 லூமென்’ என்று அச்சிட்ட அட்டையைப் பார்த்தால் அதை எந்த அளவுக்கு நம்பலாம் என்பது விளங்கும். ஆனால் லூமென் கணக்கு இங்கே இரண்டாம் பட்சம்தான். எச்4 பல்பில் டிம் இழைக்குக் கீழே ஒரு சிறு உலோகக் கிண்ணம் இருக்கிறது. அது ஒளியைப் பிரதிபலிப்பானின் மேல் பாதிக்கு மட்டும் அனுப்புவதால்தான் ஒளி கீழ்நோக்கி விழுந்து, மேலே கூர்மையான எல்லைக்கோடு கிடைக்கிறது. எல்இடி பல்பில் ஒளி ஒரு தகட்டின் இரு பக்கங்களிலிருந்து வருகிறது. அந்தத் தகடு தடித்திருந்தாலோ, சில்லுகள் இழை இருந்த இடத்திலிருந்து ஓரிரு மில்லிமீட்டர் விலகியிருந்தாலோ, எல்லைக்கோடு கலைந்து ஒளி மேலே சிதறும். வண்டிக்கு முன்னால் பத்து மீட்டர் பளீரென்று வெளுக்கும். அந்த வெளுப்புக்குக் கண் பழகிவிடுவதால் தொலைவில் நடந்து வருபவர் இன்னும் மங்கலாகத் தெரிவார். ஜெர்மனியில் 2020 முதல் எல்இடி மாற்றுப் பல்பை அனுமதித்தபோதும், எந்த வண்டியின் எந்த விளக்கில் சோதித்துத் தேறியதோ அதற்கு மட்டுமே அனுமதித்தார்கள் என்பது இதனால்தான்.

‘நான் போட்டேன், இரவு பகலானது’ என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. எல்இடி குறைந்த மின்சாரமே எடுப்பதால் பழைய வயரிங்கில் வோல்ட் இழப்பு அதைப் பெரிதாகப் பாதிப்பதில்லை. அவர்கள் ஒப்பிட்டது 11 வோல்ட்டில் திணறிய ஹாலஜனோடு. ரிலே போட்ட ஹாலஜனோடு ஒப்பிட்டால் வேறுபாடு வெகுவாகச் சுருங்கிவிடும். அதையும் மீறி எல்இடிதான் வேண்டும் என்பவர்கள், கடை மேசையில் எரியவைத்துக் காட்டுவதை ஏற்காமல், வண்டியில் பொருத்தி இரவில் சுவரின்மேல் எல்லைக்கோட்டைப் பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். கோடு கலைந்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எச்ஐடி என்னும் செனான் வாயு விளக்குக் கிட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஹாலஜனுக்காகச் செய்த பிரதிபலிப்பான் விளக்குக்கு அது ஏற்றதன்று.

சட்டமும் இதே பக்கம்தான் நிற்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 106-ஆம் விதி, விளக்குக்கு 8 மீட்டர் முன்னே, தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில் உள்ள கண்ணைக் கூசச் செய்யாதபடி ஒளி கீழ்நோக்கி இருக்க வேண்டும் என்கிறது. 111-ஆம் விதி முன்பக்கத்தில் ஸ்பாட் லைட் பொருத்துவதைத் தடைசெய்கிறது. ஆகவே கூரைமேல் எல்இடி பார் கட்டும் எண்ணத்தை விட்டுவிடலாம். அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம் உண்டு. எட்டு ஆண்டு தாண்டிய சரக்கு வண்டி ஆண்டுதோறும் எஃப்சி என்னும் தகுதிச் சான்றுக்குப் போக வேண்டியிருப்பதால், அங்கே கழற்றி, வெளியே வந்து மாட்டும் தொல்லையும் சேர்ந்துகொள்ளும்.

சரக்கோடு சேர்த்து ஒளியைச் சரிசெய்தல்

இது இலவசம், பிக்கப்புக்கு இதுவே மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். இரு சக்கர அச்சுகளுக்கிடையே 3 மீட்டர் நீளமுள்ள வண்டியில் சரக்கு ஏற்றியதும் பின்பக்கம் முன்பக்கத்தைவிட 6 சென்டிமீட்டர் கூடுதலாக அமுங்கினால், முகம் 2 விழுக்காடு நிமிர்ந்துவிடும். காலி வண்டியில் 1 விழுக்காடு கீழ்நோக்கிச் சரியாக வைத்த டிம் ஒளி, அப்போது 1 விழுக்காடு மேல்நோக்கிப் போகும். தரையில் விழ வேண்டிய ஒளி மரக்கிளைகளில் விழும். ஓட்டுநரோ பல்பு சரியில்லை என்று நினைப்பார்.

ஆகவே டயர் காற்றைச் சரிபார்த்து, வழக்கமாக ஏற்றும் எடையில் பாதிக்கு மேல் ஏற்றிக்கொண்டு, ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் அமர்ந்திருக்க, சமதளத்தில் சுவருக்கு நேர் எதிரே 10 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். விளக்கின் நடுப்புள்ளி தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்று அளந்து, அதே உயரத்தில் சுவரில் ஒரு கோடும், அதற்கு 10 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடும் ஒட்டுங்கள். டிம் ஒளியின் வலப்பக்கத் தட்டையான மேல்விளிம்பு கீழ்க்கோட்டில் நிற்க வேண்டும். விளிம்பு இடப்பக்கம் மேலேறத் தொடங்கும் திருப்பம், அந்தந்த விளக்கின் நடுப்புள்ளிக்கு நேராக இருக்க வேண்டும். ஒரு விளக்கைத் துணியால் மறைத்துவிட்டு மற்றதைத் திருகினால் குழப்பம் வராது. 80 சென்டிமீட்டர் உயரத்தில் உள்ள விளக்கின் ஒளி இந்த அமைப்பில் 80 மீட்டர் தொலைவில் தரையைத் தொடும். காலியாகத் திரும்பும்போது ஒளி சற்றுக் கிட்டத்தில் விழும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். டேஷ்போர்டில் ஒளியை ஏற்றி இறக்கும் திருகி உள்ள வண்டியானால், அதைச் சுழியத்தில் வைத்துக் காலி வண்டியிலேயே மேற்சொன்னபடி அமைத்துவிட்டு, சரக்கு ஏறியதும் திருகியால் இறக்கிக்கொள்ளலாம்.

பின்பக்க லீஃப் ஸ்பிரிங் பட்டைக் கட்டில் ஒரு பட்டை கூட்டினாலும், டயர் அளவை மாற்றினாலும், மோதிய பம்பரை நிமிர்த்தினாலும் இதே சுவருக்கு முன் வண்டியை மீண்டும் நிறுத்திப் பார்க்க வேண்டும்.