விக்டோரியா காலத்துப் பேய்க்கதை: எங்கே சறுக்குகிறது?

விக்டோரியா ராணி ஆண்டது 1837 முதல் 1901 வரை. அறுபத்து மூன்று ஆண்டுகளுக்கும் மேலான இதை ஒரே காலமாக நினைத்து எழுதுவதில்தான் பாதித் தவறு வந்துவிடுகிறது. கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள். அடுத்து, அந்த வீட்டில் என்ன விளக்கு எரிகிறது என்று பாருங்கள்.

பயம் பெரும்பாலும் அந்த விளக்கில்தான் இருக்கிறது. கேஸ் விளக்கு வைத்திருந்த லண்டன் வீடுகளிலும் மாடிப் படுக்கையறைக்கு மெழுகுவத்தியோடு போவதுதான் வழக்கம். அதை ஏந்திப் படியேறுகிறவளுக்குக் கை எட்டும் தூரம்வரைதான் தெரியும். சுடர் கண்ணுக்கு நேரே இருப்பதால் அதற்கு அப்பால் இருள் இன்னும் கெட்டியாகிவிடும். காற்றில் அணையாமல் மறு கையைக் குவித்தால், படியின் கைப்பிடியைப் பற்றக் கை மிச்சமில்லை. மேலே யாராவது நின்றால், அவர்களுக்கு இவள் முகம் நன்றாகவே தெரியும். இப்படி ஓர் இடத்தை வைத்துக்கொண்டு, 'மூலையில் வெள்ளை உருவம் தெளிவாகத் தெரிந்தது' என்று எழுதினால் கதை அங்கேயே படுத்துவிடும். கேஸ் சுடரும் மஞ்சளாக, சீறிக்கொண்டு எரிந்ததுதான். சுடரின் மேல் மாட்டி, பளிச்சென்ற வெள்ளை ஒளி தந்த வலையான வெல்ஸ்பாக் மேன்டில் 1885-க்குப் பிறகு வந்தது.

ஆவிகளை அழைக்கும் காட்சியிலும் ஆண்டு இடறும். மேசை தட்டும் ஆவி மோகம் 1848-இல் அமெரிக்காவில் ஃபாக்ஸ் சகோதரிகளிடம் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் இங்கிலாந்துக்கு வந்தது. எழுத்துகள் அச்சிட்ட வீஜா பலகைக்குக் காப்புரிமை 1891-இல்தான். 1860-களில் நடக்கும் கதை என்றால், பென்சில் செருகிய சிறு பலகையான பிளாஞ்செட் போதும்.

1880-களின் கல்லறைத் தோட்டத்தில் பிணத் திருடர்களை உலவ விடாதீர்கள். கேட்பாரற்ற உடல்களை மருத்துவப் பள்ளிகளுக்குத் தர 1832-இன் உடற்கூறியல் சட்டம் வழி செய்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது. ஏழை விடுதியில் செத்தால் தன்னை அறுத்துவிடுவார்களே என்று ஏழைகள் நடுங்கியது அதன் பிறகுதான். அந்த நடுக்கத்தை எழுதலாம்.

மனநோய் விடுதிக் கதைகளில் கணவன் ஒரு வார்த்தை சொன்னதும் மனைவியை அடைத்துவிடுகிறார்கள். 1845 சட்டப்படி, பணம் கட்டிச் சேர்க்கப்படுபவருக்கு உறவினரின் உத்தரவோடு இரண்டு மருத்துவர்களின் சான்றிதழும் வேண்டும். இருவரும் தனித்தனியே வந்து பார்க்க வேண்டும். 1853-இன் திருத்தச் சட்டத்துக்குப் பிறகு, தாம் நேரில் கண்டது எது, பிறர் சொன்னது எது என்று பிரித்தும் எழுத வேண்டும். இந்த நடைமுறைதான் கதைக்குப் பெரிய வரம். அன்பாகப் பேச்சுக் கொடுக்கும் மருத்துவரிடம், 'ராத்திரி படியில் காலடி கேட்கிறது' என்று அவள் சொன்னால், அது அப்படியே சான்றிதழில் ஏறும். உண்மையைச் சொன்னால் அடைப்பார்கள். மறைத்தால் காலடியோடு தனியே கிடக்க வேண்டும். அந்த மருத்துவர் வாயில் 'ஸ்கிசோஃப்ரீனியா' வரக்கூடாது, அந்தச் சொல் பிறந்தது 1908-இல். மெலன்கோலியா, மோனோமேனியா, ஹிஸ்டீரியா என்பார்.

கடைசிப் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் விளக்கம் கொடுப்பதுதான் இவற்றிலெல்லாம் பெரிய தவறு. ஒவ்வொரு தோற்றத்துக்கும் அருகில் ஒரு சாதாரணக் காரணத்தை வைத்துவிடுங்கள்: 1868-க்கு முன் மளிகைக் கடையிலும் வாங்க முடிந்த லாடனம் என்ற அபின் மருந்து, ஆர்சனிக் நஞ்சு கலந்த பச்சைச் சுவர்த்தாள், தூக்கம் கெட்ட துக்க வீடு. காலடிக்கு லாடனம் பொருந்தட்டும், நிழலுக்கு மெழுகுவத்தி பொருந்தட்டும். உள்ளே தாழிட்ட அறையில் ஈரமாகக் கிடக்கும் கையுறைக்கு மட்டும் எதுவும் பொருந்தாமல் இருக்கட்டும்.